கைமாற்று

மின்சாரத்துக்குப் பாஸ்போர்ட் கிடையாது என்பவன்
எங்கள் ஷெட்யூல் ஷீட்டைப் பார்த்ததில்லை.
நாளை மாலை மூன்று முதல் நான்கு வரை
அக்கரையிலிருந்து நாற்பது மெகாவாட் வர வேண்டுமென்றால்
இன்று காலை பத்துக்குள் முத்திரை விழுந்திருக்க வேண்டும்.
பத்து ஐந்துக்கு அனுப்பினால்
ஒழுங்குமுறை அலுவலகத்துப் புதைனா மேடம்
ஒரே சொல்லில் கேட்பார்:
ஏன்?

ஜஸ்ராவில் கேபிள் கரையேறும் இடத்தில்
ஒரு வேலி, ஒரு மஞ்சள் பலகை, நான்கு பூனைகள்.
அதற்குமேல் பார்க்க ஒன்றுமில்லை.
அடியில் மண்ணைப் போர்த்திக்கொண்டு கிடக்கிறது அது.
மேலே யாரும் மீன்கூண்டு இறக்கக் கூடாதென்று
வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டோம்.
மீன்களுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது;
இப்போதெல்லாம் கோட்டுக்குள்ளேதான் கூட்டம்.
அதனால் படகுகளும்.

தூத்துக்குடி தெர்மலில் இருந்தபோது
அதிர்வெண் நாற்பத்தெட்டரைக்கு இறங்கிய பிறகும்
ஆளுக்கொரு டீ குடித்திருக்கிறோம்.
இங்கே ஐம்பதிலிருந்து ஒரு நூல் பிசகினால்
மணி அடிக்கும்.
முதல் வருஷம் கனவிலும் அடித்தது.

ஆகஸ்ட் பதினெட்டு, பின்னிரவு இரண்டு பதினான்கு.
வெளியே முப்பத்தாறு டிகிரி,
ஜன்னல் கண்ணாடிக்கு வியர்த்துக்கொண்டிருந்தது.
எங்கள் பக்கம் ஒரு யூனிட் விழுந்தது.
இருநூற்றுப் பத்து மெகாவாட்.

நான் நாற்காலியைத் திருப்புவதற்குள்,
ஐயையோவின் முதல் எழுத்து
தொண்டையைத் தாண்டுவதற்குள்,
கடலுக்கடியில் வந்து நிரம்பிவிட்டது
இருநூற்றுப் பத்தும்.
யாரும் கேட்கவில்லை. யாரும் கொடுக்கவில்லை.
மனாமாவில் ஒரு ஏசிகூட முனகவில்லை.

கேட்பது அதற்குப் பிறகுதான்.
வந்ததை வைத்துக்கொள்ளப் பதினைந்து நிமிஷம்.
மேலும் வேண்டுமானால் வாய்விட்டுக் கேட்க வேண்டும்,
கேட்டதை அவன் திருப்பிச் சொல்ல வேண்டும்,
சொன்னது சரிதான் என்று நான் சொல்ல வேண்டும்.
எல்லாம் பதிவாகும்.

அக்கரையில் மிஷாரி.
ஆறு வருஷமாகக் குரல் பழக்கம்.
தெருவில் எதிரே வந்தால் தெரியாது.

"இருநூற்றுப் பத்து. இரண்டு மணி நேரம்."
"இருநூற்றுப் பத்து. இரண்டு மணி நேரம்," என்றான்.
பிறகு பேச்சில்லை.

ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.
ஏதோ தாள் புரண்டது.
இவனுக்குக் கொடுத்தபின்
நம்முடையது ஒன்று விழுந்தால்?
அதைத்தான் எண்ணியிருப்பான்.
நானாக இருந்தால் அதைத்தான் எண்ணியிருப்பேன்,
இன்னும் நிதானமாக.

"எடுத்துக்கொள்," என்றான்.

செப்டம்பர் முதல் வாரம் கடிதம் வந்தது:
ஒலிப்பதிவில் பதினொரு விநாடி மௌனம் உள்ளது.
காரணம் தெரிவிக்கவும்.
படிவத்தில் ஆறு காரணங்கள் அச்சடித்திருந்தன:
கருவிக் கோளாறு, தொடர்புத் துண்டிப்பு, மொழிக் குழப்பம்
என்று போய், கடைசியில் இதர.
இதரவில் டிக் அடித்து எழுதினேன்:
கணக்குப் போட்டார்.
திரும்பி வந்தது:
எந்தக் கணக்கு? விவரம் இணைக்கவும்.

வாங்கியதற்குப் பணம் கிடையாது.
கைமாற்று. வட்டியில்லை.
ஆனால் கோடையில் வாங்கியதைக்
கோடையிலேயே கொடுக்க வேண்டும், அதே நேரத்தில்.
ஜனவரியில்,
யாருக்கும் வேண்டாமல் மலிந்து கிடக்கும்போது
கொட்டிவிட்டுக் கையைத் தட்ட முடியாது.
இந்த ஒரு விதியை எழுதியவர்
கடன்பட்டுப் பார்த்தவராக இருக்க வேண்டும்.

செப்டம்பர் இருபத்தேழு, பின்னிரவு இரண்டு மணி.
வேக்காடு இன்னும் இறங்கவில்லை.
"இருநூற்றுப் பத்து. இரண்டு மணி நேரம். உங்கள் பக்கம்."
திருப்பிச் சொன்னான்.
சரி என்றேன்.
அம்பு திரையில் திசை மாறியது.

வேலை முடிந்தது. அவன் போனை வைக்கவில்லை.
நானும் வைக்கவில்லை.
அந்தப் பக்கம் யாரோ தேநீர் ஊற்றும் சத்தம்.
மூன்று விநாடி. நான்கு. ஐந்து.

இதற்கும் ஒரு படிவம் வந்துவிடப் போகிறதென்று
முதலில் நான் வைத்தேன்.